மலைவழிக்கு ஆயத்தமாகும் மகிழுந்து

பெங்களூரின் தொம்மலூரில் பழமையான சொக்கநாதர் கோயில் உள்ளது. அங்குப் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் காணப்படுகின்றன. அவை பொறிக்கப்பட்ட காலத்தில் மக்கள் மாட்டுவண்டியில் பயணம் செய்தனர். வண்டியின் சக்கரங்கள் பெரியவை. அச்சு தரையிலிருந்து உயர்ந்து நின்றது. ஆதலால், கல்லும் பள்ளமும் நிறைந்த வழியிலும் அது தட்டாமல் சென்றது.

இன்று அதே தொம்மலூரில் வாழும் குடும்பங்கள், விடுமுறை நாள்களில் எஸ்.யு.வி. எனப்படும் உயரமான மகிழுந்துகளில் ஜவ்வாது மலை போன்ற இடங்களுக்குச் செல்கின்றன. கூடாரம் அமைத்துத் தங்க விரும்புவோரும் உளர். நகரச் சாலைக்கென வாங்கிய ஊர்தியை மண்வழிக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது?

தரை இடைவெளி

ஊர்தியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரமே தரை இடைவெளி ஆகும். மாருதி ஜிம்னி என்னும் ஊர்திக்கு இது 210 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு சாண். வழியில் கிடக்கும் கல் இவ்வுயரத்தை மிஞ்சினால் அடிப்பகுதியில் மோதும். எண்ணெய்க் கலம் உடைந்தால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். இயந்திரத்தின் அடியில் பொருத்தப்படும் உலோகக் காப்புத் தகடு இத்தகைய மோதலைத் தாங்கும்.

டயரும் காற்றும்

செய்யத்தக்க மாற்றங்களுள் முதன்மையானது டயர் மாற்றம். ஆழ்ந்த வரிப்பள்ளங்களும் உறுதியான பக்கச்சுவரும் உடைய டயர்கள் மண்ணையும் சரளையையும் நன்கு பற்றும். எனினும், அவை ஊர்திக்கு உரிய அளவிலேயே இருத்தல் வேண்டும்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. தார்ச்சாலையில் 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்துடன் ஓடும் டயரில், மணல்வழியில் அதனை ஏறத்தாழ 20 ஆகக் குறைப்பர். அப்போது டயர் சற்றுத் தட்டையாகி மிகுதியான பரப்பில் தரையைத் தொடும். எடை பரவுவதால் சக்கரம் புதைவதில்லை. தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் மீண்டும் காற்று நிரப்புதல் இன்றியமையாதது. காற்றுக் குறைந்த டயர் விரைவாக ஓடினால் சூடேறி வெடிக்கக்கூடும். ஆகவே, காற்றடிக்கும் சிறு கருவி ஒன்றை உடன் கொண்டு செல்ல வேண்டும்.

சுமையின் அளவு

மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காட்டும் உண்மை. மகிழுந்துக்கும் இது பொருந்தும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் எனக் கொண்டால், நால்வருக்கு இரண்டு நாள்களுக்கு 40 லிட்டர் நீர் தேவை. அதன் எடை மட்டும் 40 கிலோகிராம். இதனைக் கூரைமேல் ஏற்றினால் ஊர்தியின் ஈர்ப்பு மையம் உயரும். சரிவில் அது எளிதாகக் கவிழும். எனவே, கனமான பொருள்களை இருக்கைகளுக்குப் பின்னால் தாழ்வாக வைத்துக் கட்ட வேண்டும். கூரைமேல் இலேசான கூடாரமும் படுக்கையும் போதும். தேவையற்றதை வீட்டிலேயே விட்டுச் செல்வதும் ஓர் ஆயத்தமே.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அமைத்த வடிவிலிருந்து ஊர்தியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஊர்தியின் முன்புறம் பொருத்தும் இரும்புக் காப்புச் சட்டத்திற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அச்சட்டம் மோதினால் நடந்து செல்வோருக்குப் பெருங்காயம் விளையும். அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, எதனையும் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிதல் நன்று.

இரவில் தங்கும்போது

இயந்திரத்தை இயக்கியபடி ஊர்திக்குள் உறங்குதல் கூடாது. மூடிய கூடாரத்திற்குள் அடுப்பு மூட்டுதலும் கூடாது. அவற்றிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு வளிக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோரின் உயிரை அது அறியாமலே பறித்துவிடும். மேலும், வனத்துறையின் ஒப்புதலின்றிக் காட்டில் தங்கக் கூடாது. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. இரவு விலங்குகள் நடமாடும் பொழுது அன்றோ?

எல்லையை அறிதல்

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் செல்வோர், கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஓட்டுநர்களின் ஜீப்பில் ஏறிச் செல்கின்றனர். அவ்வழியின் ஒவ்வொரு கல்லையும் அவ்வோட்டுநர்கள் அறிவர். புதிய டயரோ காப்புத் தகடோ அந்த அறிவுக்கு ஈடாகாது. வழி கடினமெனத் தோன்றினால் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். ஐயம் தீரவில்லையெனில் திரும்பிவிட வேண்டும். குடும்பத்தினர் அனைவரும் நலமாக வீடு திரும்புவதே நல்ல பயணத்தின் நிறைவு.

சிந்தித்து விடை எழுதுக

1. மணல்வழியில் டயரின் காற்றழுத்தத்தைக் குறைப்பது ஏன்?
2. கனமான பொருள்களைக் கூரைமேல் ஏற்றினால் விளையும் தீங்கு யாது?
3. உம் குடும்பம் மேற்கொண்ட மலைப்பயணம் ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.