கானாவிற்குப் பெயர் தந்தவர்

மேற்காபிரிக்காவில் பொற்கரை என வழங்கிய நாடு 1957 மார்ச் 6ஆம் நாள் சுதந்திரம் அடைந்தபோது 'கானா' என்னும் பழம்பெயரைச் சூடிக்கொண்டது. அப்பெயருக்காகப் பல்லாண்டு வாதாடியவர் ஜோசப் போவாச்சி டங்குவா. பண்டைக் கானாப் பேரரசு அந்நாட்டிற்கு வடமேற்கே நெடுந்தொலைவில் இருந்தது. அக்கான் மக்கள் அங்கிருந்து வந்தவரே என்ற அவர் கொள்கையை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் தந்தவரோ அந்நாட்டின் சிறையிலேயே மாண்டார்.

1895இல் பிறந்த டங்குவா, அக்கியெம் அபுவாக்குவா மன்னரின் செயலாளராயிருந்து, 1921இல் இலண்டன் சென்று தத்துவத்திற் கலாநிதிப் பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். மீண்டு வந்து பத்திரிகை நடத்தினார், நாடகம் எழுதினார். அக்கான் மக்களின் கடவுட் கொள்கை பற்றி 1944இல் அவர் வெளியிட்ட நூலை ஆபிரிக்கத் தத்துவம் பயில்வோர் ஒதுக்கிவிட முடியாது.

1947 ஆகஸ்டில் அவரும் நண்பர்களும் தொடங்கிய கட்சி, இலண்டனிலிருந்த குவாமே நிக்குருமாவைச் செயலாளராக அழைத்தது. மறு ஆண்டு அக்ராவில் முன்னாட் போர்வீரர் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து கலகம் மூண்டபோது, இருவரும் வேறு நால்வருடன் சிறைப்பட்டனர். 1949இல் பிரிவு வந்தது. 'இயன்றளவு விரைவிற் சுயாட்சி' என்றார் டங்குவா. 'இப்பொழுதே' என்றார் நிக்குருமா. சந்தைப் பெண்களும் இளைஞரும் எப்பக்கம் சென்றிருப்பர் என்று சொல்ல வேண்டியதில்லை. டங்குவா மனு வரையும் கை படைத்தவர்; தெருவின் மொழி அவர் நாவில் ஏறவில்லை. 1954இலும் 1956இலும் தேர்தலில் தோற்றார். 1960இல் ஜனாதிபதிப் பதவிக்கு நிக்குருமாவை எதிர்த்தபோது பத்திலொரு பங்கு வாக்குகளே கிடைத்தன.

எனினும் அவர் வாழ்வின் உச்சம் தேர்தல் மேடையிலன்று, நீதிமன்றத்திலேயே அமைந்தது. 1958இல் இயற்றப்பட்ட தடுப்புக் காவற் சட்டம், விசாரணையின்றி ஐந்தாண்டு வரை ஒருவரை அடைத்துவைக்க இடமளித்தது. அசாந்தி மன்னரின் அவைப் பேச்சாளர் ஒசேய் அக்கோட்டோவும் வேறு எழுவரும் இவ்வாறு அடைக்கப்பட்டனர். அவர்களுக்காக 1961இல் டங்குவா வாதாடினார். பதவியேற்கும்போது மக்களின் சுதந்திரத்தைப் பேணுவதாக ஜனாதிபதி செய்யும் பிரகடனம் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. அதற்கு முரணான சட்டம் செல்லாது என்பது அவர் வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அப்பிரகடனம் முடிசூட்டு விழாச் சத்தியம் போன்றது. அது மீறப்பட்டால் மக்களுக்குள்ள பரிகாரம் வாக்குப் பெட்டியே எனத் தீர்த்தது. சிறைக்குள் இருப்பவனுக்கு வாக்குப் பெட்டி எங்கே? 1964இல் கானா ஒரு கட்சி நாடாக்கப்பட்டபின் வெளியே இருந்தவனுக்கும் அது பயன்படவில்லை.

ஆகஸ்டிற் தீர்ப்பு, ஒக்டோபரில் அதே சட்டத்தின் கீழ் டங்குவாவும் சிறை சென்றார். 1962இல் விடுதலையாகி, 1964 சனவரியில் மீண்டும் பிடிபட்டார். சிறைக் கூடத்தின் நிலையை விவரித்து நிக்குருமாவிற்கே நெடிய மனு எழுதினார். 1965 பெப்ரவரி 4ஆம் நாள் நசவாம் சிறையில் உயிர் நீத்தார். ஓராண்டு கழித்து நிக்குருமாவின் ஆட்சி இராணுவத்தாற் கவிழ்ந்தது.

கானாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பில், அடிப்படை உரிமைகள் நீதிமன்றத்திற் கேட்டுப் பெறத்தக்கனவாக எழுதப்பட்டுள்ளன.