பச்சைப் பூண்டும் பிரஷர் மாத்திரையும்

நெமிலிச்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் யாராவது தனக்குப் பிரஷர் இருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், மாத்திரைச் சீட்டுக்கு முன்னால் பூண்டு வந்து நிற்கும். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பல் பச்சையாகத் தின்றால் ரத்தக்கொதிப்பு அடங்கிவிடும், கொழுப்பு கரைந்துவிடும், மாத்திரையே வேண்டாம் என்பார்கள். சென்னையின் இதே மேற்குப் புறநகரில், அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில், தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த அந்த நிறுவனத்துக்கு, 2017இல் தொடங்கிய தேசிய ரத்தக்கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் முக்கியப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற தொற்றாநோய்க் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேரளவில்தான். பூண்டின் பெருமையைப் பேசும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பூண்டுக்குக் குணம் உண்டு, அதற்குச் சான்றும் உண்டு. ஆனால் அந்தச் சான்று எந்தப் பூண்டைப் பற்றியது, எவ்வளவு, யாருடைய உடம்பில் என்று கேட்டுப் பார்த்தால், மாத்திரையின் இடத்தில் அதை உட்காரவைக்க வழியில்லை என்பதும் அதே சான்றிலிருந்தே தெரிந்துவிடும்.

முதலில் பூண்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உரிக்காத பல்லை முகர்ந்தால் வாசனை அதிகம் வராது. நசுக்கினால்தான் வீடே மணக்கும். காரணம், பூண்டின் வீரியப் பொருள் பல்லுக்குள் தயாராக இருப்பதில்லை. அலியின் என்ற கந்தகப் பொருள் ஓரிடத்திலும், அலினேஸ் என்ற நொதி வேறு அறையிலும் அடைபட்டிருக்கும். தீக்குச்சியும் பெட்டியும் தனித்தனியே கிடப்பதுபோலத்தான். பல்லை வெட்டினாலோ தட்டினாலோ கடித்தாலோ அறைச்சுவர் உடைந்து இரண்டும் உரசிக்கொள்ள, சில நொடிகளில் அலிசின் பிறக்கிறது. செடி தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் கிருமியையும் விரட்டச் செய்துகொண்ட ஏற்பாடு இது. அமெரிக்க வேதியியலாளர் செஸ்டர் கவாலிட்டோவும் உடன் பணிசெய்தவர்களும் 1944இல் அலிசினைப் பிரித்தெடுத்து, அது பாக்டீரியாக்களைக் கொல்வதைக் காட்டினார்கள். ஆகவே, மாத்திரை முழுங்குவதுபோல் முழுப்பல்லைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்கள் வாய்நாற்றத்துக்குப் பயந்து பூண்டின் பாதி வேலையையே தடுத்துவிடுகிறார்கள். அந்த நொதி வயிற்று அமிலத்துக்குத் தாங்காது. பல் உடைந்து கரைவதற்குள் அதன் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

சூட்டுக்கும் அது தாங்காது. நம் சமையலில் பூண்டு வருகிற வழிகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பூண்டுக் குழம்புக்கு முழுப்பல்லாக உரித்து நல்லெண்ணெயில் வதக்குகிறோம். பூண்டுப் பாலுக்கும் பல்லை முழுசாகவே போட்டு வேகவைக்கிறோம். இரண்டிலும் நொதி விழித்தெழுவதற்கு முன்பே வெந்துவிடுகிறது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெவ்வேறு விதமாகப் பக்குவப்படுத்திய பூண்டைத் தின்றவர்களின் மூச்சுக்காற்றை அளந்து பார்த்தது. நசுக்கிய பச்சைப் பூண்டின் பலனை நூறு என்று வைத்தால், வேகவைத்த பூண்டுக்கு 16, சுட்டதற்கு 30, ஊறுகாய்ப் பூண்டுக்கு 19 என்று கணக்கு வந்தது. முழுக்கச் சைபர் இல்லையே என்று சந்தோஷப்படலாம். ரசம் வைக்கிறவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். மிளகு சீரகத்தோடு பூண்டைத் தட்டித்தான் போடுகிறார்கள். பெனிசில்வேனியாவில் நடந்த ஆய்வொன்று 2001இல் சொன்ன ஒரு சின்ன யோசனையை இதோடு சேர்த்துக்கொள்ளலாம்: தட்டியதும் அடுப்பில் சேர்க்காமல் பத்து நிமிடம் விட்டுவைத்தால் அலிசின் உருவாக நேரம் கிடைக்கும், அதில் ஒரு பகுதி சூட்டையும் தாண்டி நிற்கும். புளி கரைப்பதற்கு முன்னால் பூண்டைத் தட்டி வைத்தால் முடிந்தது வேலை.

இனி ரத்தக்கொதிப்பு. பூண்டு பற்றிய ஆய்வுகளிலேயே வலுவானவை இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேரின் ரீட் பல பரிசோதனைகளின் முடிவுகளைத் திரட்டி 2016இல் வெளியிட்ட கணக்கில், பூண்டு எடுத்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 புள்ளி குறைந்தது. ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு 8 புள்ளிக்குச் சற்று மேலாகவே குறைந்தது. எப்படிக் குறைகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. பூண்டின் கந்தகப் பொருள்களைச் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதையும், அது ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துவதையும் அலபாமா பல்கலைக்கழகத்தினர் 2007இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். ஐந்து புள்ளி என்பது கேவலமான அளவும் இல்லை. ரத்தக்கொதிப்பு மருந்துகளைப் பற்றி 2021இல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, மேல் அளவு 5 புள்ளி இறங்கினாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஆனால் அந்தக் கணக்கு மருந்து சாப்பிட்டவர்களுடையது. பூண்டு ஆய்வுகள் சில வாரம், சில மாதம் நடந்தவை. அளவு இறங்கியதா என்று பார்த்தன, மாரடைப்பு குறைந்ததா என்று பார்க்குமளவு நீளவில்லை. இன்னொன்றும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது பூண்டுப் பொடி மாத்திரையும், பல மாதம் ஊறவைத்துப் பதப்படுத்திய பூண்டுச் சாறும்தான். அளவு ஒரே சீராக இருக்கும். நம் கையில் கிடைக்கும் பல் அப்படி இல்லை. ஒன்று கட்டைவிரல் பருமன், ஒன்று சுண்டுவிரல் நகம். தவிர, 170இல் நிற்கிறவருக்கு எட்டுப் புள்ளி குறைந்தாலும் 162 என்பது ஆபத்தான உயரம்தான்.

“கம்பெனிக்காரன் பொடியை வைத்துச் சோதித்தால் எப்படி, நிஜப் பூண்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொழுப்பு விஷயத்தில் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், கெட்ட கொழுப்பு மிதமாக ஏறியிருந்த 192 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பச்சைப் பூண்டு, ஒரு குழுவுக்குப் பொடி, ஒரு குழுவுக்குப் பதப்படுத்திய சாறு, மிச்சக் குழுவுக்கு வெறும் பொய் மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். பச்சைப் பூண்டை சாண்ட்விச்சில் வைத்து, வாரத்துக்கு ஆறு நாள், ஒரு பெரிய பல் அளவு. முடிவு 2007இல் வெளிவந்தது: கெட்ட கொழுப்பு எந்தக் குழுவிலும் சொல்லும்படி அசையவில்லை. இதற்கு மாறாக, கொழுப்பு 200க்கு மேல் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தால் மொத்தக் கொழுப்பு 17 புள்ளி வரை இறங்குகிறது என்று ரீட் 2013இல் தொகுத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சிலருக்குக் கொஞ்சம் குறையலாம் என்றுதான் சொல்ல முடியும். ஆக, பிரஷரில் பூண்டு ஜெயித்தது பெரும்பாலும் பொடியும் சாறுமாக. பச்சையாகக் களமிறங்கிய இடத்தில் கொழுப்பை அசைக்கவில்லை. ஊரில் சொல்லும் யோசனையோ பச்சைப் பல்லுக்குத்தான் இரண்டு வெற்றியையும் எழுதிவைக்கிறது.

முன்னோர் சொன்னது பொய்யா என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. 1890இல் மத்திய ஆசியாவின் கூச்சா நகரருகே கிடைத்து, அதை வாங்கிய ஆங்கிலேய அதிகாரி பவர் பெயரால் அறியப்படும் பழைய மருத்துவச் சுவடி, பூண்டின் புகழோடுதான் தொடங்குகிறது. அதன் வயது சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு. பூண்டு தின்னாத வழக்கமுள்ளவர்கள் அதைப் பசுவுக்குத் தின்னக் கொடுத்து, அந்தப் பாலைக் குடிக்கலாம் என்ற குறுக்குவழிகூட அதில் உண்டு. ஆனால் பழைய மருத்துவ நூல்கள் பூண்டை எல்லோருக்கும் எந்நாளும் என்று அள்ளிக் கொடுக்கவில்லை. எந்தப் பருவத்தில், எவ்வளவு, எதோடு சேர்த்து, பித்த உடம்புக்காரருக்குக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு போட்டன. பத்தியமும் அளவும் பார்த்துக் கொடுத்த அந்த வைத்தியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அளவே இல்லாத ஒரு யோசனையைப் பரப்புவது முன்னோருக்கு மரியாதை செய்வதாகாது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட மூலிகைத் தொகுப்பிலும் அளவு இருக்கிறது: நாளொன்றுக்குப் பச்சைப் பூண்டு 2 முதல் 5 கிராம். நடுத்தரப் பல்லாக ஒன்று, போனால் இரண்டு. இதே நிறுவனம்தான் 2020இல், பூண்டு தின்றால் கொரோனா வராது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்றும் அறிவித்தது.

“இயற்கைப் பொருள்தானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே” என்பது அடுத்த வாதம். வேலை செய்கிற பொருள் எதுவும் வேண்டாத இடத்திலும் வேலை செய்யும். பூண்டு ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கிறது. இதயத்துக்கு நல்லது என்று நாம் பாராட்டும் அதே குணம், வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். பூண்டு மாத்திரையை அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது அதனால்தான். எச்.ஐ.வி.க்கான சக்வினாவிர் என்ற மருந்தின் ரத்த அளவைப் பூண்டு மாத்திரை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிட்டதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2001இல் கண்டது. வெறும் வயிற்றில் பச்சையாகத் தின்றால் பலருக்கு நெஞ்செரிச்சல் வரும். அல்சர் உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அரைத்த பூண்டைத் தோலில் வைத்துக் கட்டிக் கொப்புளித்துப்போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியிருக்கின்றன, குழந்தைகள் உட்பட. குழம்பிலும் ரசத்திலும் சேர்க்கிற அளவுக்கு இந்தப் பயம் எதுவும் வேண்டாம். பயப்பட வேண்டியது மருந்து என்று நினைத்து அளவைக் கூட்டும்போதுதான்.

ஊறுகாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரஷருக்கு நல்லது என்று பூண்டு ஊறுகாயைத் தாராளமாகப் போட்டுக்கொள்கிறவர்கள், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே கரண்டியில் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் சராசரியாகத் தின்பது அதைவிடக் கணிசமாக அதிகம். அதே ஊறுகாயின் புளிப்பு மட்டும் ஒரு நல்ல காரியம் செய்கிறது. புளிப்புச் சேர்க்காமல் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் அப்படிப்பட்ட பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். பூண்டு விழுதை எண்ணெய் ஊற்றிப் பாட்டிலில் வைக்கிறவர்கள் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிட வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுக்கிற வழக்கத்தையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் 1991இல் தாய்மார்களுக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாய்ப்பாலில் வாசனை ஏறியது; குழந்தைகள் முகம் சுளிப்பதற்குப் பதிலாகக் கூடுதல் நேரம் வாயை எடுக்காமல் குடித்தன. பால் கூடுதலாகச் சுரந்தது என்று இதற்குப் பொருளில்லை. புது வாசனை குழந்தைக்குப் பிடித்திருந்தது, அவ்வளவே. ஆனாலும் வேகவைத்த பூண்டும் கஞ்சியும் பாலும் கொடுத்துத் தாயை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு வழக்கத்தை, சான்று போதவில்லை என்று கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே பூண்டு எந்த மருந்தையும் தள்ளிவிடவில்லை.

பிரஷரில் தள்ளிவிடுகிறது, சங்கடம் அங்கேதான். 2024 தொடக்கத்தில் சென்னையில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு அதற்கும் மேல். 2019இல் அது பெற்ற புவிசார் குறியீட்டை மருத்துவச் சான்றிதழாக நினைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குறியீடு பூம்பாறை, மன்னவனூர் விவசாயிகளின் பெயரைக் காக்கிற சட்ட முத்திரை, மாரடைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. “ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது” என்ற பயத்தில்தான் பலர் பூண்டுப் பக்கம் சாய்கிறார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் அதே திட்டத்தில் வருகிற பெண் தன்னார்வலரின் பையிலேயே இருக்கிறது: அளவு பார்க்கும் கருவி. பூண்டையும் தின்னுங்கள், மாத்திரையையும் போடுங்கள், உப்பைக் குறையுங்கள், மாதந்தோறும் வருகிற எண்ணை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எண் தொடர்ந்து இறங்கி நின்றால், நோட்டைப் பார்த்து டாக்டரே மாத்திரையின் அளவைக் குறைக்கக்கூடும். தினமும் எத்தனை பல் தின்கிறீர்கள் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.