ஓரம் தாண்டிய சொல்

இறுதியாண்டு ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு நாள்களே இருந்தன. என் மேற்பார்வையாளர் 82 பக்க வரைவைத் திருப்பித் தந்தார். உள்ளடக்கத்தில் அவர் ஒரு திருத்தமும் செய்யவில்லை. ஆனால் பல பக்கங்களில் வலப்பக்க ஓரத்தை ஒட்டி அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு வெளியே சொற்களின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

“ஓரம் சரியாக இல்லாவிட்டால் பைண்டிங்கிற்கு அனுப்ப முடியாது” என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. காரணம், அந்தத் தவறு எனக்குப் புதிதல்ல. நான் பயன்படுத்திய லேடெக்ஸ் மென்பொருள் அதை முன்பே 54 முறை சொல்லியிருந்தது. ‘ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்’ என்று மஞ்சள் நிறத்தில் வரிசையாக எச்சரிக்கைகள். விடுதியில் மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டேன். “அது எச்சரிக்கைதான் தம்பி, பிழை இல்லை. ‘எச்ஃபஸ்’ அளவை 20 பாயிண்டாக வைத்துவிடு, ஓடிப்போகும்” என்றார். வைத்தேன். எச்சரிக்கைகள் ஓடிப்போயின. சொற்கள் மட்டும் ஓரத்திற்கு வெளியிலேயே நின்றன.

அன்றிரவுதான் அந்த எச்சரிக்கை என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

நீளும், சுருங்கும் இடைவெளி

லேடெக்ஸின் அடியில் இயங்குவது டெக் என்ற நிரல். கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் 1977இல் தமது நூலின் புதிய பதிப்புக்கான அச்சுப்படியைப் பார்த்தார். எழுத்துகளின் தரம் அவருக்குப் பிடிக்கவில்லை. தாமே ஒரு அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அதுதான் டெக்.

இரு பக்க ஓரமும் நேராக இருக்க வேண்டுமானால், சொற்களுக்கு இடையிலான இடைவெளி வரிக்கு வரி மாற வேண்டும். அந்த இடைவெளியை டெக் ஒரு ரப்பரைப்போல நடத்துகிறது. அதன் வழக்கமான 10 பாயிண்ட் எழுத்துருவில் ஓர் இடைவெளி சுமார் 3.33 பாயிண்ட். அது 1.11 பாயிண்ட் வரை சுருங்கலாம். அதற்கு மேல் சுருங்காது. 1.67 பாயிண்ட் வரை தாராளமாக நீளலாம்; அதையும் தாண்டி நீண்டால் வரிக்கு அபராதப் புள்ளிகள் ஏறும்.

அனுமதித்த அளவு முழுவதும் நீண்டால் 100 புள்ளி. இரு மடங்கு நீண்டால் 200 அல்ல, 800. உச்சம் 10,000. லேடெக்ஸ் வழக்கமாகப் பொறுத்துக்கொள்வது 200 வரைதான்.

டெக் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக முடிவுசெய்வதில்லை. கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை விளக்கும் முறைப்படி, முழுப் பத்தியையும் பார்த்து, எங்கெங்கே முறித்தால் பத்தி முழுவதும் சீராக வரும் என்று கணக்கிடுகிறது. எந்த வழியிலும் 200க்குள் அடங்கவில்லை என்றால், ஒரு சொல்லை ஓரத்துக்கு வெளியே விட்டுவிட்டு நம்மிடம் முறையிடுகிறது. அதுதான் ‘ஓவர்ஃபுல்’ எச்சரிக்கை.

எப்படிப் படிப்பது?

எச்சரிக்கையில் இரண்டு தகவல்கள் முக்கியமானவை: எத்தனை பாயிண்ட் மீறல், கோப்பில் எந்த வரிகளில் உள்ள பத்தி. ஓர் அங்குலத்திற்கு 72.27 பாயிண்ட். எனவே 0.5 பாயிண்ட் மீறலைக் கண் கவனிக்காது. என் கோப்பில் இருந்த 14.2 பாயிண்ட் என்பது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அடிக்கோல் இல்லாமலே தெரியும்.

ஆவணத்தின் முதல் கட்டளையில் ‘டிராஃப்ட்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், மீறிய வரிகளின் முனையில் கறுப்புக் கட்டம் தோன்றும். தேடும் வேலை மிச்சம்.

எனக்கு நடந்தது

நான் செய்த முதல் காரியம், அந்த 20 பாயிண்ட் கட்டளையை நீக்கியது. 54 எச்சரிக்கைகளும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம் இருந்தது. என் ஆய்வேடு மலாயில் இருந்தது. மொழி எது என்று நான் மென்பொருளுக்குச் சொல்லவே இல்லை. அது ஆங்கிலம் என்று எண்ணிக்கொண்டு, ஆங்கில விதிப்படி சொற்களை முறிக்கப் பார்த்தது. ‘சமநிலையின்மை’ என்று பொருள்படும் ‘கெதிடாக்செயிம்பாஙான்’ மலாயில் 17 எழுத்து. இத்தகைய சொல்லைச் சரியான அசையில் முறிக்க ஆங்கில விதி உதவாது. ‘பேபல்’ தொகுப்பைச் சேர்த்து மொழி மலாய் என்று குறிப்பிட்டேன். எச்சரிக்கைகள் 54இலிருந்து 21 ஆகக் குறைந்தன.

அடுத்து இரட்டைச் சொற்கள். ‘கெசாலாஹான்-கெசாலாஹான்’ போன்ற சொல்லில் ஏற்கெனவே ஹைஃபன் இருப்பதால், டெக் அந்த இடத்தில் மட்டுமே முறிக்கும். வேறெங்கும் கை வைக்காது. முறிக்கக்கூடிய மற்ற இடங்களில் பின்சாய்கோடும் ஹைஃபனும் சேர்த்து நானே குறித்துக் கொடுத்தேன்.

நீண்ட இணைய முகவரிகளுக்கு ‘எக்ஸ்யூஆர்எல்’ தொகுப்பு உதவியது. எழுத்துகளின் அகலத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு கூட்டிக் குறைக்கும் ‘மைக்ரோடைப்’ தொகுப்பை ஒரே வரியில் சேர்த்தேன். அகலமான இரண்டு அட்டவணைகளை மட்டும் பிரித்து எழுத வேண்டியிருந்தது.

இவற்றோடு ‘அண்டர்ஃபுல், 10,000’ என்ற வேறு எச்சரிக்கையும் சில இடங்களில் வந்தது. அது என் சொந்தத் தவறு. பத்திகளுக்கு இடையில் இடம் விட இரண்டு பின்சாய்கோடு போட்டு, அதன் கீழ் வெற்று வரியும் விட்டிருந்தேன். அதனால் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் சொல்லே இல்லாத ஒரு வரி உருவாகியிருந்தது. பின்சாய்கோடுகளை அழித்துவிட்டு, பத்தி இடைவெளிக்கென்றே உள்ள ‘பார்ஸ்கிப்’ தொகுப்பைப் பயன்படுத்தினேன்.

மீதி நான்கு

கடைசியாக நான்கு எச்சரிக்கைகள் எதற்கும் மசியவில்லை. ‘ஸ்லாப்பி’ என்ற கட்டளை இருக்கிறது. அது பொறுமையை 200இலிருந்து 9,999 ஆக உயர்த்தும். சொல் உள்ளே வந்துவிடும். ஆனால் வரியில் பல் விழுந்ததுபோல் இடைவெளிகள் தெரியும். ஆவணம் முழுவதற்கும் அதைப் போடுவது நல்லதல்ல. வேறு வழியே இல்லாத ஒரு பத்திக்கு மட்டும் போடலாம்.

நான் வேறொன்று செய்தேன். அந்த நான்கு வாக்கியங்களையும் உரக்கப் படித்தேன். மூன்று வாக்கியங்கள் தேவையில்லாமல் நீண்டிருந்தன. ஒன்றில் ஒரே கருத்தை இருமுறை சொல்லியிருந்தேன். திருத்தி எழுதினேன். நான்கு எச்சரிக்கைகளும் மறைந்தன, வாக்கியங்களும் தெளிவாயின. மென்பொருளுக்கு என் வாக்கியத்தின் பொருள் தெரியாது. எந்தச் சொல்லை விடலாம், எதை மாற்றலாம் என்பதை எழுதியவன்தானே முடிவுசெய்ய முடியும்? அதனால்தான் அது என்னிடம் கேட்டது. நானோ அதன் வாயை அடைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் புதிய படியை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் மறுபடியும் அடிக்கோலை எடுத்தார். சில பக்கங்களைப் புரட்டி ஓரத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்புப் பேனாவைத் திறக்கவில்லை.

மாணவர்களே, நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பக்கத்தையே கொஞ்சம் கவனியுங்கள். நாளிதழின் பத்தி குறுகியது. தமிழ்ச் சொற்களோ நீளமானவை. சில வரிகளில் இடைவெளி அகன்றிருக்கலாம். சில சொற்கள் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். பக்கத்தை வடிவமைத்தவரும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியிருப்பார். நாளை உங்கள் திரையில் அந்த மஞ்சள் எச்சரிக்கை வரும்போது, அதை மறைக்கும் கட்டளையைத் தேடாதீர்கள். வரி எண்ணைப் பார்த்து, அந்தப் பத்தியைத் திறந்து படியுங்கள்.