பரிதிக்கும் குருதிக்கும் ஒரே நியதி

கொடைக்கானல் மலையில், 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், நூற்றாண்டு கடந்த சூரிய ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. ஏரியையும் தூண் பாறையையும் கண்டு மகிழ்ந்து திரும்பும் நாம், 1909 ஜனவரியில் அங்கே வெளிப்பட்ட அதிசயத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

சூரியப் புள்ளி ஒன்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்த வானியலாளர் ஜான் எவர்ஷெட், நிறமாலைக் கோடுகள் மயிரிழையளவு விலகியிருக்கக் கண்டார். நெருங்கி வருவதன் அலை குறுகும், விலகிச் செல்வதன் அலை நீளும் என்பது 1842-இல் டாப்ளர் உரைத்த நியதி. அந்த நியதியின் துணையால், 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், புள்ளியிலிருந்து வெளிநோக்கிப் பாயும் வாயுவின் ஓட்டத்தை அவர் கண்டறிந்தார்.

அதே நியதி நம் விலாவெலும்புகளுக்கு அடியிலும் ஆட்சி செய்கிறது! கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவரின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்ததும், செவிக்கு எட்டாத ஒலி உள்ளே சென்று, ஓடும் சிவப்பணுக்களில் பட்டு மீள்கிறது. ரத்தம் எத்திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை மீண்டு வரும் அலையே சொல்லிவிடுகிறது.

கல்லீரலுக்குள் பாயும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையினுடையது. மில்லிமீட்டர்களில் அளக்கத்தக்க கல்லீரல் தமனி தருவதோ எஞ்சிய கால் பங்குதான். ஆனால் புதிய கல்லீரலின் பித்தநாளங்களுக்கு உயிரூட்டுவது அந்தச் சிறு தமனியே. அதில் ரத்தம் உறைந்தால் நாளங்கள் நலிந்து, கிடைத்த கல்லீரலே பறிபோகலாம். அதனால்தான் முதல் நாட்களில் டாப்ளர் ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். இதயத் துடிப்புக்கேற்ப விரைந்தெழுந்து மெல்லத் தணியும் அலை, நலத்தின் அடையாளம். அது சோம்பி எழுந்தால் குழாய் குறுகியிருக்கலாம். அலையே காணாவிட்டால் அடைப்போ என்று மருத்துவர்கள் விரைகிறார்கள். கசிந்து தேங்கிய பித்தநீரும் திரையில் கருமையாகத் தெரிந்துவிடும்.

1998-இல் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று, தந்தை ஈந்த கல்லீரல் பகுதியால் டெல்லியில் மறுவாழ்வு பெற்றது. இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று சிகிச்சை அது. பகுத்துக் கொடுத்த கல்லீரல் கொடுத்தவரிடமும் வளர்கிறது, பெற்றவரிடமும் வளர்கிறது. ஈகையைத் தசையிலேயே எழுதிவைத்த படைப்பை என்னென்று போற்றுவது!

பெரியதற்கு ஒரு நீதி, சிறியதற்கு ஒரு நீதி என்று இயற்கை வகுக்கவில்லை. கதிரவனின் கொந்தளிப்பை ஆளும் ஒழுங்கே ஒரு குழந்தையின் நாளத்தையும் ஆள்கிறது. அத்தனை கவனத்தோடு நமக்கு அளிக்கப்பட்ட உடலைப் பேணுவதும், நம் காலத்துக்குப் பின் அதைப் பிறருக்கு ஈய முன்வருவதும் நாம் செலுத்தக்கூடிய நன்றி.