‘நேத்து மாதிரியே இருக்கார்’ என்பது ஏன் போதாது? ஐசியூ தினசரிக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

மாரிகுப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலருடைய அப்பாவோ தாத்தாவோ கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஆனால், பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய், தூசியை விட்டு விலகிப் பல வருடங்கள் ஆன பிறகும் முற்றக்கூடியது.

அப்படி ஒருவர் நிமோனியாவோடு ஐசியூவில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேஜிஎஃப், கோலார், பெங்களூரு அல்லது வேலூர் என்று மருத்துவமனை மாறலாம். ஒரே மருத்துவமனையிலும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் டாக்டர் மாறுவார். இவர்கள் எல்லோரையும் இணைப்பது கேஸ் ஷீட்டில் டாக்டர் தினமும் எழுதும் குறிப்புதான். இதை ‘ப்ராக்ரஸ் நோட்’ என்பார்கள்.

இது எதற்கு?

ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீர் அளவு போன்றவற்றை நர்ஸ் தனி சார்ட்டில் பதிவு செய்துவிடுவார். அந்த எண்களை மறுபடி எழுதுவது குறிப்பின் வேலை அல்ல. அவற்றுக்கு என்ன அர்த்தம், அதனால் இன்று என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வதுதான் அதன் வேலை.

நோயாளியின் பிரச்னைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வலியுறுத்தினார். நோயாளி சொல்வது, டாக்டர் கண்டது, அதன் பொருள், அடுத்த நடவடிக்கை என்ற நான்கு பகுதி முறை அவர் வழியில் வந்ததுதான்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

ஒரு கற்பனை நோயாளிக்கு இரண்டு குறிப்புகளைப் பாருங்கள்.

முதலாவது: “மாற்றமில்லை. ஆக்சிஜன் தொடரவும். அதே மருந்துகள்.”

இரண்டாவது: “3-ம் நாள். 68 வயது, முன்னாள் சுரங்கத் தொழிலாளி. ஏற்கெனவே சிலிகோசிஸ், சிஓபிடி. பழைய எக்ஸ்ரேயிலும் நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் இருக்கிறது. நிமோனியா குறைகிறது: ஆக்சிஜன் நேற்று நிமிடத்துக்கு 4 லிட்டர், இன்று 2. இலக்கு 88–92%. ஆன்டிபயாடிக் 3-ம் நாள். கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் மருந்தை மாற்றலாமா என முடிவு. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, மயக்கநிலை வந்தாலோ ரத்த வாயு பரிசோதனை, சீனியரை அழைக்கவும்.”

இரவு 2 மணிக்கு மானிட்டரில் 90% தெரிகிறது. பொதுவாக இலக்கு 94–98% என்பதால், முதல் குறிப்பை மட்டும் படித்த டூட்டி டாக்டர் ஆக்சிஜனைக் கூட்டிவிடலாம். சிஓபிடி நோயாளிகள் சிலருக்கு அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி, நினைவு மங்கும். இரண்டாவது குறிப்பு அதைத் தடுக்கிறது.

எக்ஸ்ரே நிழலும் அப்படித்தான். சிலிகோசிஸ் பார்வைக்கு காசநோய் போலவே தெரியலாம். சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்தும் அதிகம். பழைய படத்தோடு ஒப்பிட்டு எழுதினால்தான் எது பழசு, எது புதுசு என்று தெரியும்.

எங்கே தவறுகிறது?

கம்ப்யூட்டரில் நேற்றைய குறிப்பை அப்படியே காப்பி-பேஸ்ட் செய்வது பெரிய சிக்கல். நேற்று நிறுத்திய மருந்து இன்றும் ‘தொடர்கிறது’ என்று நிற்கும். கையால் எழுதும் இடங்களில் புரியாத கையெழுத்தும் சுருக்கெழுத்துகளும் சிக்கல்.

மாற்றினால் பலன் உண்டா?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஐசியூ ஒன்றில், ஒவ்வொரு நோயாளிக்கும் ‘இன்றைய இலக்குகள்’ என்று ஒரு தாள் கொண்டுவந்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அன்றைய இலக்கு என்ன என்று தெரிந்த ஜூனியர் டாக்டர்கள், நர்ஸ்களின் விகிதம் 10%-க்கும் கீழே இருந்து 95%-க்கு மேல் போனது. ஐசியூவில் தங்கும் சராசரி காலமும் 2.2 நாளில் இருந்து 1.1 நாளாகக் குறைந்தது.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

பார்வை நேரம் சில நிமிடங்கள்தான். மூன்று கேள்விகள் கேளுங்கள்: நேற்றைவிட இன்று என்ன மாறியிருக்கிறது? இன்றைய இலக்கு என்ன? எது நடந்தால் பிளான் மாறும்? குறிப்பு தெளிவாக இருந்தால், எந்த டூட்டி டாக்டரும் இதற்குப் பதில் சொல்லிவிட முடியும்.

பழைய எக்ஸ்ரே, மருந்துப் பட்டியலோடு, அவர் எத்தனை வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்தார் என்பதையும் முதல் நாளே சொல்லி எழுதச் சொல்லுங்கள். அவர் வென்டிலேட்டரில் இருந்தால், அதை உங்களால்தான் சொல்ல முடியும்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு கடைசி சில நாள் குறிப்புகளின் நகலையும் கேளுங்கள். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். நோயாளியை மாற்றும் அவசரத்தில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது என்பதால், மாற்ற முடிவானதுமே கேட்டுவிடுங்கள்.