வாயிற்கதவை யார் சோதிப்பது?

கடந்த கோடை விடுமுறையில் என் மகளின் பெண் எங்களுடன் ஒரு மாதம் தங்கியிருந்தாள். ஆறு வயது. கார் நிறுத்துமிடத்தை மூடும் எங்கள் இழுவைக் கதவின் கீழ்ச்சட்டத்தில் அவள் ஏறி நின்றுகொள்வாள். அடுத்த வீட்டுச் சிறுவன் தள்ளுவான். அவர்களுக்கு அது ரயில் வண்டி. நாளிதழும் கையுமாக அமர்ந்து நானும் அதைப் பலமுறை ரசித்திருக்கிறேன். ஒருநாள் மாலை அவன் சற்று வேகமாகத் தள்ளிவிட, கதவு தன் எல்லையைக் கடந்து போயிற்று. மேலே அதைப் பிடித்துக்கொண்டிருந்த உருளைகளிலிருந்து விடுபட்டு உட்புறமாகச் சாய்ந்தது. அங்கு நின்றிருந்த கார் அதைத் தாங்கிக்கொண்டது. காரின் பக்கவாட்டுத் தகடு நசுங்கியது. குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு. வழக்கமாக அந்த நேரத்தில் என் மருமகன் காரை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போயிருப்பார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் உரையாடல் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அந்தக் கதவைச் செய்த வெல்டிங் பட்டறைக்காரர், "கடைசியில ஒரு ஸ்டாப்பர் வச்சிரலாம் சார். உள்பக்கம் இன்னொரு கைடும் போட்டா நல்லது. ரெண்டாயிரம்தான் கூட வரும்" என்றார். தகட்டின் கனம், பூவேலைப்பாடு, வண்ணம் பற்றியெல்லாம் அரை மணி நேரம் பேசிய நான், "அது இருக்கட்டும், பிறகு பார்த்துக்கலாம்" என்றேன். பிறகு பார்க்கவில்லை.

12 அடி நீளமும் 5 அடி உயரமும் கொண்ட ஓர் இரும்புக் கதவின் எடையைக் கணக்கிடுவது கடினமன்று. 1.25 மில்லிமீட்டர் தகடு மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். சட்டமும் குறுக்குக் குழாய்களும் சேர்ந்தால் மொத்தம் ஏறத்தாழ 100 கிலோ. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அகன்ற கதவுகள் இதைப்போல் இருமடங்குக்கும் மேல். இவ்வளவு எடையும் தரையில் பதித்த ஒற்றைத் தண்டவாளத்தின்மீது இரண்டு சக்கரங்களில் நிற்கிறது. ஒரு புத்தகத்தை அதன் விளிம்பில் நிறுத்தி வைப்பதைப் போல. சக்கரங்கள் எடையைச் சுமக்கின்றனவே தவிர, கதவை நிமிர்த்தி வைப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவை, தூணின் மேற்பகுதியில் பொருத்தப்பட்ட, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரண்டு நைலான் உருளைகள். கதவின் மேற்சட்டம் அவ்விரண்டுக்கும் இடையே இருக்கும்வரை கதவு நிற்கும். முழுமையாகத் திறக்கும்போது சட்டத்தின் முனை உருளைகளைத் தாண்டிவிட்டால் அதைத் தாங்க வேறெதுவும் இல்லை. முனை அதுவரை போகாமல் தடுக்கும் இரும்புத் துண்டுக்குத்தான் ஸ்டாப்பர் என்று பெயர். இரண்டாவது கைடு, முதலாவது கைவிட்டாலும் கதவைப் பிடித்துக்கொள்ளும் மாற்று ஏற்பாடு.

ஸ்டாப்பர் இருக்கிறது என்று நிம்மதியடையவும் முடியாது. ஆண்டுக்கணக்கில் கதவு மோதி மோதி அதன் வெல்டிங் விரிசல் விடும். தரையில் பதித்திருந்தால் கான்கிரீட் பெயரும். நைலான் உருளை வெயிலில் வெடிக்கும், அதன் அச்சு தளரும். மழைக்காலத்தில் மண்ணும் ஜல்லியும் தண்டவாளத்தில் அடைந்து சக்கரத்தைத் தடம்புரளச் செய்யும். கதவு இப்படி இறுகத் தொடங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? இன்னும் பலமாகத் தள்ளுகிறோம். காவலாளி என்றால் தோளைக் கொடுத்து முட்டுகிறார். கதவு தரும் எச்சரிக்கை அது என்பது எவருக்கும் தோன்றுவதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் சில மாதங்கள் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தேன். அங்கே காரேஜ் கதவு மின்மோட்டாரால் மேலேறிக் கூரையின் கீழ்ப் படுத்துக்கொள்ளும். 1982-க்குப் பிந்தைய ஆண்டுகளில் சுமார் 60 குழந்தைகள் இத்தகைய கதவுகளின் அடியில் சிக்கி இறந்ததாக அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கூறியது. 1990-இல் சட்டம் வந்தது. கதவு எதன்மீதேனும் மோதினால் தானாகத் திரும்பி மேலேற வேண்டும். 1993 முதல் தயாராகும் கருவிகளில் அதற்கும் மேலாக, கதவின் பாதையில் குறுக்கிடுவதைக் கண்டறியும் ஒளிக்கண்ணோ அதற்கு ஈடான உணர்கருவியோ இருந்தாக வேண்டும். ஒளிக்கண்ணைத் தரையிலிருந்து அரையடி உயரத்துக்குள் பொருத்துகிறார்கள். தவழும் குழந்தையும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக. மாதம் ஒருமுறை ஒன்றரை அங்குல மரக்கட்டையைத் தரையில் கிடத்திக் கதவை இறக்கிப் பார்க்கும்படி கையேடு சொல்கிறது. கட்டையில் பட்டதும் கதவு மேலேற வேண்டும். என் மகன் அந்தச் சோதனையை ஒருமுறையும் செய்ததில்லை. ஆனால், அவன் மறந்திருந்த அத்தனை மாதங்களும் அந்தக் கண் வேலை செய்துகொண்டிருந்தது.

ஒரு பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் சந்தை பிழைபடுகிறது என்று பழைய கார்களை உதாரணமாகக் காட்டி 1970-இல் எழுதினார் ஜார்ஜ் அகர்லாஃப். பின்னர் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இதை வகுப்பில் நான் எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. என் வீட்டு வாசலில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. விற்பவருக்குத் தெரிந்திருந்தது, அவர் சொல்லவும் செய்தார். வாங்குபவருக்குத்தான் செவி இல்லை. வண்ணத்தையும் வேலைப்பாட்டையும் நாள்தோறும் பார்க்கிறோம். ஸ்டாப்பரின் பயனோ என்றோ ஒருநாள் ஒரு விநாடி தெரிவது. அந்த நாள் வராமலும் போகலாம். ஆகவே விலையைக் குறைக்கும் பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுவே. பட்டறைக்காரரும் அடுத்த வாடிக்கையாளரிடம் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகிக்கொள்கிறார்.

இன்னொன்றும் உண்டு. கதவுக்குப் பணம் தருபவர் ஒருவர். அதன் அருகே விளையாடும் குழந்தை பெரும்பாலும் இன்னொருவருடையது. 2024-இல் புணேயை அடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில், பிள்ளைகள் விளையாட்டாக இழுத்த இழுவைக் கதவு பெயர்ந்து விழுந்து மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி இறந்த காணொளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். நம் ஊர்களில் காவலாளியின் குடும்பம் கதவை ஒட்டிய அறையில்தான் குடியிருக்கிறது. அவருடைய குழந்தைகளுக்குக் கதவுதான் விளையாட்டுத் திடல். ஒருவர் மிச்சப்படுத்தும் தொகைக்கு மற்றொருவர் விலை கொடுக்க நேரும் இத்தகைய இடங்களில், அரசின் விதி தேவை என்பது ஆர்தர் பிகூ காலத்திலிருந்தே பொருளியல் ஏற்றுக்கொண்ட ஒன்று.

அடுக்குமாடிக் குடியிருப்பின் மின்தூக்கிக்குத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதே கட்டடத்தின் வாசலில் கால் டன் எடையுடன் நாள்தோறும் ஓடும் கதவைப் பார்க்க எவரும் வருவதில்லை. கட்டட நிறைவுச் சான்று வழங்கும்போதே இரு முனைகளிலும் ஸ்டாப்பர், இரண்டு கைடுகள் ஆகியவை உள்ளனவா எனப் பார்ப்பதை உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாக்கலாம். இதற்கு நிபுணர் குழு எதுவும் தேவையில்லை.

இப்போது ரிமோட் மூலம் ஓடும் கதவுகள் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்கும் வந்துவிட்டன. பிரிட்டனில் 2010-இல் ஒரே வாரத்துக்குள் இரு சிறுமியர் வெவ்வேறு ஊர்களில் மின்கதவுகளில் நசுங்கி இறந்தனர். மோட்டார் வாங்குவோர் விலையைக் கேட்பதற்கு முன் ஒளிக்கண் சேர்ந்து வருகிறதா, தடை ஏற்பட்டால் கதவு நின்று பின்வாங்குமா, மின்சாரம் நின்றுபோனால் கையால் விடுவிக்கும் சாவி எங்கே இருக்கும் என்று கேட்க வேண்டும். மோட்டார் கதவை ஓட்டும், விழாமல் பிடிக்காது. ஸ்டாப்பரும் கைடும் அப்போதும் வேண்டும். பாதுகாப்புக் கருவி கூடக்கூட மனிதரின் கவனம் குறையும் என்று 1975-இல் சாம் பெல்ட்ஸ்மன் வாதிட்டார். அவருடைய முடிவுகளை நான் முழுமையாக ஏற்பவனல்லன். எனினும், ரிமோட்டைக் குழந்தையின் கையில் கொடுத்து வேடிக்கை பார்க்கும் பெற்றோரைக் காணும்போது அவர் நினைவு வருவதுண்டு.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைக்கு அரை மணி நேரம் போதும். கதவை இரு முனைகளுக்கும் மெதுவாகத் தள்ளி, எது அதை நிறுத்துகிறது என்று பாருங்கள். சுவரோ மரமோ நிறுத்தினால் உங்களிடம் ஸ்டாப்பர் இல்லை. அப்போது குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம். நீங்களும் கதவு சாயும் பக்கத்தில் நிற்க வேண்டாம். உருளைகளைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். துருவையும் விரிசலையும் கண்டால் பட்டறைக்காரரை அழைப்பதே நல்லது. தடம்புரண்ட கதவை வீட்டு ஆள்கள் சேர்ந்து தூக்கி நிறுத்த முயல்வதைப்போல் ஆபத்தானது வேறில்லை.

எங்கள் கதவைச் சரிசெய்ய அதே பட்டறைக்காரர்தான் வந்தார். ஸ்டாப்பர்களும் இரண்டாவது கைடும் பொருத்தினார். பழைய உரையாடலை அவரும் நினைவூட்டவில்லை, நானும் பேசவில்லை. புறப்படும்போது எங்கள் தெருவில் உள்ள மற்ற இழுவைக் கதவுகளையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டேன். ஒன்பதில் ஐந்துக்கு ஸ்டாப்பர் இல்லை. மூன்று வீட்டார் அந்த வாரமே போட்டுவிட்டார்கள். மற்ற இருவரிடமும் மீண்டும் கேட்டேன். "பார்க்கலாம் சார்" என்கிறார்கள்.