'சார்ஜ்': வண்டி ஏறி வந்த ஒரு சொல்

ஆங்கிலமே படிக்காதவர்கூட ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு: 'சார்ஜ்'. போன்ல சார்ஜ் இல்ல. பஸ் சார்ஜ் ஏத்திட்டாங்க. புது இன்ஸ்பெக்டர் சார்ஜ் எடுத்துட்டார். கூட்டத்துல லத்தி சார்ஜ். அவன் மேல சார்ஜ் ஷீட் போட்டாச்சு. அப்பாவுக்கு நாளைக்கு டிஸ்சார்ஜ்.

ஆறு வாக்கியம், ஆறு பொருள். மின்சாரம், காசு, பதவி, அடி, குற்றம், வீடு திரும்புவது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விஷயங்கள். இத்தனைக்கும் ஒரே சொல் எப்படிப் போதுகிறது?

நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக கோடு எழுதிக்கொண்டிருப்பவன். ஒரே பெயரில் ஆறு வேலை செய்யும் ஃபங்ஷனைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம் வரும். திறந்து பார்த்தால் பல நேரம் உள்ளே நடப்பது ஒரே வேலையாக இருக்கும், கூப்பிடும் இடம்தான் வேறாக இருக்கும். சார்ஜ் விஷயமும் அப்படித்தான்.

அந்த ஒரே வேலை, பாரம் ஏற்றுவது.

லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. இதுவே லத்தீனுக்குச் சொந்தச் சொல் இல்லை. இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கால் இனத்தவரிடமிருந்து ரோமானியர்கள் வாங்கியது. அதிலிருந்து 'கார்ரிகாரே', அதாவது வண்டியில் சரக்கு ஏற்றுதல் என்ற வினை பிறந்தது. பழைய பிரெஞ்சில் அது 'சார்ஜியே' ஆகி, பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. இதே வீட்டுப் பிள்ளைகள்தான் கார், கேரி, கார்கோ எல்லாம். கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் 'கேரிகேச்சர்' கூட இத்தாலி வழியாக வந்த பங்காளி. முகத்தில் மூக்கையோ காதையோ அளவுக்கு மீறி 'ஏற்றி' வரைவதால் அந்தப் பெயர்.

வண்டியில் ஏற்றினால் சரக்கு. ஒருவர் தலையில் வேலையை ஏற்றினால் பொறுப்பு, காசை ஏற்றினால் கட்டணம், பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. துப்பாக்கிக்குள் மருந்தை ஏற்றினால் அதுவும் சார்ஜ். ஆழ்கடலில் நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்க வீசும் 'டெப்த் சார்ஜ்' இந்தக் கிளையைச் சேர்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தமிழும் கிட்டத்தட்ட இதே பாதையில் நடந்திருப்பது. நாம் குற்றத்தைச் 'சுமத்து'கிறோம். வரிச்சுமை, கடன்சுமை என்கிறோம். 'பொறுப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அடி, 'பொறு'. தாங்குதல், சுமத்தல். திருக்குறளில் பல்லக்குத் தூக்குகிறவனைச் சொல்லவும் இந்த வினைதான் வருகிறது. பாரத்துக்கும் 'பொறை', பொறுமைக்கும் 'பொறை'. பிரெஞ்சுக்காரன் வண்டியில் ஏற்றியதை நாம் தோளில் ஏற்றிக்கொண்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது? 1740களில் லெய்டன் ஜாடி கண்டுபிடிக்கப்பட்டது. மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் கண்ணாடிக் குடுவை. பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். மருந்து கிட்டித்த துப்பாக்கியும் இந்த ஜாடியும் ஒரே மாதிரி. ஏற்றி வைக்கலாம், தொட்டால் வெடிக்கும். அதனால் ஏற்றுவது சார்ஜ், வெடிப்பது டிஸ்சார்ஜ். பல ஜாடிகளை வரிசையாக இணைத்ததற்கு அவர் வைத்த பெயர் 'பேட்டரி'. அதுவும் பட்டாளத்துச் சொல்தான், வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கான பெயர். பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே.

தமிழில் இதற்கு இரண்டு பெயர். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'மின்னூட்டம்', இலங்கைப் பாடநூலில் 'ஏற்றம்'. நாம் ஊட்டுகிறோம், அவர்கள் ஏற்றுகிறார்கள். மூலச் சொல்லுக்கு நெருக்கம் இலங்கை வழக்குதான் என்பது என் கட்சி.

சின்ன இடைச்செருகல். போன் பெட்டியில் 5000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருப்பார்களே, அது உண்மையிலேயே மின்னூட்டத்தின் அளவு. கணக்குப் போட்டால் 18,000 கூலும். ஆனால் அவ்வளவு மின்னூட்டமும் பேட்டரிக்குள் தேங்கி நிற்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு முனையில் எத்தனை எலெக்ட்ரான் வெளியே போகிறதோ அத்தனை மறுமுனையில் உள்ளே வருகிறது. மொத்தத்தில் பேட்டரி எப்போதும் நடுநிலைதான். உள்ளே சேர்வது வேதி ஆற்றல். ஆக 'ஃபுல் சார்ஜ்' பேட்டரி என்பது துல்லியமாகப் பார்த்தால் சார்ஜ் ஏறாத பேட்டரி!

லத்தி சார்ஜுக்கு வருவோம். ஈட்டியைத் தாக்கும் நிலைக்குக் கொண்டுவருவதும் ஒருவகையில் ஆயுதத்தை 'ஏற்றுவது'தான். அந்த நிலையில் பாய்ந்து ஓடுவதும் பிறகு அதே பெயரைப் பெற்றது. 1854 அக்டோபர் 25 அன்று கிரிமியப் போரில் பாலக்லாவா என்ற இடத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை பீரங்கிகளுக்கு நேராகப் பாய்ந்ததே, டென்னிசன் கவிதை எழுதினாரே, அந்த சார்ஜ். ஈட்டிக்குப் பதில் தடி வந்தால் லத்தி சார்ஜ், இந்திய ஆங்கிலத்தின் சொந்தத் தயாரிப்பு. நம் பத்திரிகைகள் எழுதும் 'தடியடி' அதைவிட நேர்மையான சொல். சார்ஜ் ஓடுவதைச் சொல்கிறது, தடியடி விழுவதைச் சொல்கிறது.

இதுவரை பொழுதுபோக்கு. இந்தச் சொல் தப்பாகப் புரிந்தால் ஆளையே கவிழ்க்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத ஆரம்பித்தேன்.

தூரத்து உறவுக்காரப் பையன் ஒருவன் கல்லூரியில் படிக்கும்போது ஒரு சாலை மறியலில் நின்றான். எஃப்.ஐ.ஆரில் பத்துப் பதினைந்து பேரோடு அவன் பெயரும் சேர்ந்துவிட்டது. வேலைக்கான படிவம் வந்தபோது அதில் மூன்று கேள்விகள்: 'அரெஸ்டட்', 'சார்ஜ்ட்', 'கன்விக்டட்'. ஆம் அல்லது இல்லை. "மாமா, எஃப்.ஐ.ஆர். இருந்தா சார்ஜ்ட்னுதானே அர்த்தம்?" என்று கேட்டான். அவன் அப்பாவோ மூன்றுக்கும் 'இல்லை' போட்டுவிடு என்கிறார். இரண்டுமே சரியில்லை.

இந்தியாவில் வரிசை இப்படிப் போகும். எஃப்.ஐ.ஆர். என்பது போலீசுக்கு வந்த முதல் தகவல். விசாரணை முடிந்து போலீஸ் கோர்ட்டில் கொடுக்கும் அறிக்கைதான் நாம் சார்ஜ் ஷீட் என்பது. சட்டம் அதைப் 'போலீஸ் அறிக்கை' என்றுதான் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு, வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி முடிவு செய்து குற்றச்சாட்டை வனைவதுதான் 'ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜ்'. ஆக போலீஸ் போடுவது ஷீட், கோர்ட் சுமத்துவது சார்ஜ். சம்மன் வழக்கு எனப்படும் சிறிய வழக்குகளில் முறையான சார்ஜ் வனைவது அவசியம்கூட இல்லை, குற்றத்தின் சாரத்தைச் சொன்னால் போதும்.

ஆங்கிலத் துப்பறியும் சீரியல் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே குழப்பம் வரும். இங்கிலாந்தில் சாதாரணமாகப் பிடித்து வைத்த 24 மணி நேரத்துக்குள் 'சார்ஜ்' செய்யவேண்டும், இல்லையென்றால் விடவேண்டும். பெரிய குற்றங்களுக்கு மட்டும் நீட்டிப்பு உண்டு. அங்கே அது ஆரம்ப கட்டச் சொல். நம் ஊரில் ஒருவரைக் காவலில் வைத்துக்கொண்டே சார்ஜ் ஷீட் போட 60 அல்லது 90 நாள் அவகாசம். அதற்குள் போடாவிட்டால் ஜாமீன் கேட்க அவருக்கு உரிமை வந்துவிடும். சொல் ஒன்று, அது நிற்கும் இடம் வேறு.

படிவத்தில் மறைத்தால் என்ன ஆகும்? 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்கவேண்டும், அதே சமயம் படிவத்தின் கேள்வி குறிப்பாக இருக்கவேண்டும், குறிப்பாகக் கேட்டதைத்தான் சொல்லியாகவேண்டும் என்பது அதன் சாரத்தில் ஒரு பகுதி. அதாவது, எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்பதே பாதி வழக்கு. பையனை ஒரு வக்கீலிடம் அனுப்பினேன். அவர் முதலில் கேட்டது, "சார்ஜ் ஷீட் நம்பர் ஆகியிருக்கா?" அதுவே யாருக்கும் தெரியவில்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் படிவத்தை நிரப்பினார்கள்.

இதே பக்கத்தில் 'டிஸ்சார்ஜ்' என்பதையும் பார்த்துவிடலாம். கப்பலில் சரக்கு இறக்கினாலும், நோயாளியை வீட்டுக்கு அனுப்பினாலும், கடன் தீர்ந்தாலும் அதே சொல். சுமை இறங்கியது என்று பொருள். கோர்ட்டிலும் உண்டு. சார்ஜ் வனையும் முன்பே முகாந்திரம் இல்லை என்று விடுவித்தால் டிஸ்சார்ஜ். விசாரணை முடிந்து விட்டால்தான் 'அக்விட்டல்', விடுதலை. விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆனவருக்குப் புதிய ஆதாரம் கிடைத்தால் திரும்பவும் தலைவலி வரலாம். டிவியில் இரண்டையும் 'விடுதலை' என்றே ஓட்டுகிறார்கள்.

சொத்துக்கும் சார்ஜ் உண்டு. அம்மா தன் வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்கிறார், மாதாமாதம் தனக்கு ஒரு தொகை தரவேண்டும், அது இந்த வீட்டின் மேல் சார்ஜ் என்று பத்திரத்தில் ஒரு வரி. சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 100-வது பிரிவு சொல்வது இதைத்தான். அடமானத்தில் சொத்தில் ஒரு உரிமை கைமாறுகிறது, சார்ஜில் உரிமை மாறுவதில்லை, பாரம் மட்டும் ஏறுகிறது. மகன் வீட்டை விற்றாலும் அந்தப் பாரம் வீட்டோடு போகும். விதிவிலக்கு, காசு கொடுத்து, சார்ஜ் இருப்பது தெரியாமல் வாங்கியவர். பத்திரம் பதிவானதாக இருந்தால் 'எனக்குத் தெரியாது' என்பது பெரும்பாலும் எடுபடாது. வயதான அம்மாக்களுக்காக அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல் தாய்ப்பத்திரத்தையும் முழுக்கப் படியுங்கள்.

கடைசியாக, இந்தச் சொல் யாரோடு சேர்கிறது என்பது. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பில் இருப்பவர். நடுவில் ஒரு 'த' சேர்த்து 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றால் தலைகீழ், அவர் பொறுப்பில் விடப்பட்டவர். நர்ஸ் இன் சார்ஜ் ஆஃப் குழந்தை, குழந்தை இன் த சார்ஜ் ஆஃப் நர்ஸ். அந்தக் குழந்தையையே 'ஹெர் சார்ஜ்' என்றும் சொல்வார்கள். 'சார்ஜ்ல போட்டிருக்கேன்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி 'மை லேப்டாப் இஸ் இன் சார்ஜ்' என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயில் போனால், இந்த டீமுக்கு லேப்டாப்தான் மேனேஜர் போல என்று அர்த்தமாகும். 'ஆன் சார்ஜ்' அல்லது 'சார்ஜிங்' என்றால் போதும்.

பஸ்ஸுக்கு ஆங்கிலத்தில் 'ஃபேர்', டாக்டருக்கும் பள்ளிக்கும் 'ஃபீ', கொண்டுவந்து கொடுப்பதற்கு 'சார்ஜ்'. ஹோட்டல் பில்லில் வரும் 'சர்வீஸ் சார்ஜ்' அரசு வரி இல்லை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்தது. ஜி.எஸ்.டி.யில் வரும் 'ரிவர்ஸ் சார்ஜ்' என்றால் விற்பவருக்குப் பதில் வாங்குபவர் வரியைக் கட்டுவது. அந்தக் காலத்தில் போன் பேசியவருக்குப் பதில் எடுத்தவர் காசு கட்டும் அழைப்புக்கு பிரிட்டனில் இதே பெயர்தான்.

'சார்ஜர்' என்று இன்று தேடினால் யு.எஸ்.பி. முனைதான் வரும். பழைய ஆங்கிலத்தில் அது போர்க்குதிரை, அதற்கும் முன்னால் பெரிய தட்டு. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் யோவானின் தலையை வைத்துக் கொண்டுவந்ததும் ஒரு சார்ஜரில்தான்.